டீசல் போன வழி

வண்டி அளவுக்கு மீறி டீசல் குடிக்கிறது என்பதைக் கண்ணாடிக்காரர் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், யார் எடுக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். வண்டியை ஓட்டுகிறவன் ஒருவன்தான். அவன் அவருடைய மனைவியின் தம்பி.

ஜன்னல், கடை முகப்பு, குளியலறை என்று எந்த இடத்துக்குக் கண்ணாடி வேண்டுமென்றாலும் அளவெடுத்து, அறுத்து, கொண்டுபோய்ப் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். அறுப்பது அவர். அறுத்த விளிம்பை இயந்திரத்தில் பிடித்துத் தேய்த்து, கை பட்டால் கீறாதபடி செய்வது அவர் மனைவி. கொண்டுபோவது மச்சான். பிக்கப் வண்டியின் பின்தட்டில் இரும்புச் சட்டம் ஒன்றைக் கூரை போல இருபுறமும் சாய்வாக வெல்டிங் செய்திருந்தார்கள். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடிகளைச் சாய்த்து நிற்கவைத்து, கயிறு போட்டு இறுக்கிக் கொண்டுபோவான். குண்டும் குழியுமான தெருவில் அவன் வண்டி போவதைப் பார்த்தால், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குகிறவர் ஞாபகம் வரும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோவார்கள். கடைத்தெருவில் அவனுக்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த ஆமையின் கையில் வண்டி லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. அது பதினொன்றானது. மழைக்காலம் முடிவதற்குள் பத்தானது. டயரில் காற்றைப் பார்த்தார்கள். ஏர் ஃபில்டரை மாற்றினார்கள். மெக்கானிக் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின் ராஜா மாதிரி இருக்கு. அதுல ஒரு குறையும் இல்ல" என்றார். இன்ஜினில் குறை இல்லை என்றால் ஆளிடம்தானே குறை என்று கண்ணாடிக்காரர் மனசு அங்கேயே திரும்பிக்கொண்டது.

வண்டி அதுவரை கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிற்கும். ஆமை தங்கியிருந்த அறையும் அதை ஒட்டித்தான். ஒருநாள் கண்ணாடிக்காரர் டீசல் டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிவந்து மாட்டினார். சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டார்.

"இனிமே ராத்திரி வண்டி என் வீட்டு வாசல்லயே நிக்கட்டும்" என்றார்.

ஆமை பூட்டைப் புரட்டிப் பார்த்தான். "எதுக்கு மாமா இது?"

"திருட்டு ஜாஸ்தியா இருக்காம்."

அன்றோடு அவனுடைய சில பழக்கங்கள் நின்றுபோயின. ஓட்டி முடித்ததும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து டயரைத் தட்டிப் பார்ப்பான், அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பான், கண்ணாடியைத் துடைப்பான். இப்போது வருவான், ஓட்டுவான், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவான். என் வண்டி என்று நினைத்தால்தானே பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்காரர் வீடு இருந்த தெரு நல்ல சரிவு. வண்டி உருண்டுபோய் எதிர்வீட்டுச் சுவரில் முட்டினால் யார் பதில் சொல்வது? தினமும் படுக்கப் போகுமுன் ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து, இதற்கு மேல் வராது என்கிற வரைக்கும் இழுத்துவிட்டு வருவார். பூட்டுப் போட்டாயிற்று, வண்டியும் கண் முன்னால் நிற்கிறது, இனி மைலேஜ் ஏறும் என்று காத்திருந்தார். பத்து ஒன்பதானது.

'பூட்டையும் திறக்க வழி கண்டுபிடிச்சிட்டான்' என்று நினைத்துக்கொண்டார். மனைவியிடம் அப்போதும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் தம்பி தட்டைப் பார்த்தபடியும் புருஷன் சுவரைப் பார்த்தபடியும் இருந்தால், நடுவில் பரிமாறுகிறவளுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

மலை மேல் புதிதாகக் கட்டிய ஒரு தங்கும் விடுதிக்குக் கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. பெரிய பெரிய தகடுகள். முந்தைய நாள் சாயங்காலம், "நாளைக்கு நானும் வரேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

"பொருத்தறதுக்கு அங்கயே ஆள் இருக்காங்களே, நீங்க எதுக்கு?" என்றாள் மனைவி.

"சும்மாதான். காத்து வாங்கிட்டு வரலாம்னு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் காற்று வாங்கப் போனதாக அவளுக்கு நினைவில்லை. "அப்படியா? எனக்கும் காத்து வேணும். நானும் வரேன்" என்றாள்.

காலையில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார்கள். கண்ணாடிக்காரர் இறங்கிப் பூட்டைத் திறந்தார். பையனிடம் இத்தனை லிட்டர் என்று சொன்னார்.

ஆமை ஸ்டியரிங்கில் இருந்தபடியே தலையை வெளியே நீட்டினான். "மாமா, மேல பங்க் கிடையாது. டேங்க்கை ரொப்பிடுங்க."

"கணக்குப் போட்டுத்தான் ஊத்தறேன். போகவரத் தாராளமாப் போதும்."

"எந்தக் கணக்கு?"

"வண்டி குடுக்க வேண்டிய கணக்கு" என்று அழுத்திச் சொல்லிவிட்டு மூடியைப் பூட்டினார்.

அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். பரீட்சை வைக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

அந்த வண்டியில் முன்னால் ஒரே நீள இருக்கை. ஆமை ஓட்ட, அக்கா நடுவில், மாமா ஜன்னலோரம். கியர் கம்பி அக்காவின் முழங்காலை ஒட்டி நின்றது. அவன் கியர் மாற்றும்போதெல்லாம் காலை ஒதுக்கி இடம் விட்டாள்.

சமவெளி முடிகிற வரைக்கும் கண்ணாடிக்காரர் டீசல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். நடுநடுவே யோசனை சொன்னார். செல்போனில் பார்த்துப் பார்த்து நிறையத் தெரிந்து வைத்திருந்தார்.

"ஏசியை அணை."

அணைத்தான்.

"ஜன்னலை மூடு. காத்து உள்ள வந்தா வண்டியைப் பின்னால இழுக்கும்."

மூடினான். மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"எண்பதுக்கு மேல போகாதே."

"நான் என்னிக்கு மாமா எண்பதுல போயிருக்கேன்?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள்.

"திரும்பி வரும்போது பின்கதவைத் திறந்து தொங்க விட்டுரணும். காத்து புகுந்து போயிடும், வண்டி லேசா ஓடும்."

"அது எல்லாரும் சொல்றதுதான் மாமா. மூடி வச்சாத்தான் நல்லது. தட்டுக்குள்ள காத்து தானே சுருண்டு நின்னுக்கும், மேல வர்ற காத்து அது மேல வழுக்கிட்டுப் போயிடும். திறந்து விட்டா இன்னும் இழுக்கும்."

"உனக்கு எல்லாம் தெரியும். டீசல் எங்க போகுதுன்னு மட்டும் தெரியாது."

மலை ஏற ஆரம்பித்தார்கள்.

பாதி வழியில், ஒரு வளைவில் டீக்கடை ஒன்று இருந்தது. கயிறு தளர்ந்திருக்கிறதா பார்க்க வண்டியை ஓரங்கட்டினான். அக்காவும் இறங்கி, இடது பின்சக்கரத்தின் மேல் காலை வைத்து ஏறிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இறங்கியவள் அங்கேயே நின்றாள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தருகே குனிந்தாள்.

"தம்பி, இந்தப் பக்கம் அடுப்புகிட்ட நிக்கிற மாதிரி அனல் அடிக்குது. ஏதோ கருகுற வாசனையும் வருது."

"இவ்ளோ பாரம் ஏத்திட்டு மலை ஏறுற வண்டி பின்ன ஜில்லுன்னா இருக்கும்?" என்றார் கண்ணாடிக்காரர்.

ஆமை வண்டியின் பின்பக்கமாக நடந்து வந்தான். இன்னும் நாலு அடி வைத்திருந்தால் பார்த்திருப்பான். அதற்குள் மாமாவின் குரல் அவனைப் பிடித்து நிறுத்தியது.

"முள்ளைப் பார்த்தியா? மேல போய்ச் சேர்றதுக்கே இழுக்கும் போலிருக்கு. நேத்து ராத்திரி வண்டி என் வாசல்ல, சாவி என் தலையணைக்கு அடியில. இன்னிக்குக் காலையில என் கண்ணால பார்த்து ஊத்தினேன். டீசலுக்கு என்ன கால் முளைச்சு ஓடுதா?"

"உங்க கண்ணால பார்த்து ஊத்தினீங்க இல்ல? உங்க பக்கத்துல உட்கார்ந்துதானே ஓட்டிட்டு வரேன்? அப்ப நான் எங்க மாமா எடுத்தேன்?"

பதில் இல்லாதபோது மனுஷனுக்குக் குரல்தான் ஏறும். "மீட்டர்ல கை வச்சிருப்ப! முன்னாடி பதிமூணுன்னு நீ சொன்னதே பொய்யா இருக்கும்! கூடப் பிறந்தவ வீட்லயே..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காததுதான் மோசமாக இருந்தது. டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஆமை மாமாவுக்கு நேர் எதிரே வந்து நின்றான். "முடிச்சிடுங்க மாமா. பாதியில ஏன் விடுறீங்க?"

"ரெண்டு பேரும் ஏறுங்க" என்றாள் அக்கா. குரல் ஓங்கவில்லை. இரண்டு பேரும் ஏறினார்கள். சக்கரத்தைப் பற்றி அவள் சொன்னது டீக்கடை வாசலிலேயே கிடந்துவிட்டது.

மேலே கண்ணாடிகளை இறக்கி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. ஒன்றுகூட விரிசல் விடவில்லை. வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது டீசல் விளக்கு மஞ்சளாக எரிந்தது.

"மாமா, விடுதியில ஜெனரேட்டர் இருக்கு. கொஞ்சம் டீசல் கேட்டு வாங்கிக்கலாம்" என்றான் ஆமை.

"வேலை செஞ்ச இடத்துல கையேந்தச் சொல்றியா? இனிமே முழுக்க இறக்கம்தான். இன்ஜினுக்கு வேலையே இல்ல. நியூட்ரல்ல விட்டா அடிவாரம் வரைக்கும் தானா போகும்."

"நியூட்ரல் வேண்டாம் மாமா. கியர்ல வச்சுக் காலை எடுத்துட்டா, சக்கரமே இன்ஜினைச் சுத்தும். டீசல் சொட்டுகூட இறங்காது. நியூட்ரல்ல போட்டா இன்ஜின் தன்னால ஓடணும், அதுக்குத்தான் டீசல் வேணும். அதோட, பிரேக் தாங்காது."

"இறங்கு."

"மாமா..."

"இறங்குன்னேன். என் வண்டியை நான் ஓட்டறேன். எவ்வளவு குடிக்குதுன்னு இன்னிக்குப் பார்த்துடறேன்."

ஆமை அக்காவைப் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எதிரே பார்த்தாள். அவன் இறங்கிச் சுற்றி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

முதல் சில வளைவுகள் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்காரர் நியூட்ரலில் விட்டு, வளைவு வரும்போது பிரேக்கை மிதித்து, நேர்ச் சாலையில் விட்டுவிட்டு இறக்கினார். காலி வண்டி லேசாக உருண்டது. "பார்த்தியா?" என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஆமை மூக்கை உயர்த்தி மோந்துகொண்டிருந்தான்.

"அக்கா, காலையில சொன்னியே, அந்த வாசனையா இது?"

"அதேதான். இப்ப ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

"மாமா, ஓரங்கட்டுங்க."

"எங்கடா ஓரம் இருக்கு?"

உண்மையில் ஓரம் இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்பால் மரங்களின் உச்சி. அடுத்த வளைவுக்காகக் கண்ணாடிக்காரர் பிரேக்கை மிதித்தார். பெடல் மெத்தை மாதிரி அமுங்கி, அமுங்கி, தரைக்குப் பக்கத்தில் போய்த்தான் கொஞ்சம் பிடித்தது. வளைவில் வண்டி எதிர்ப்புறம் வரை அகன்று போய்த் திரும்பியது. கீழிருந்து ஏறி வந்த பஸ் ஒன்று நீளமாக ஹாரன் அடித்தபடி பாறையோடு ஒட்டிக்கொண்டது. பஸ்ஸின் கண்ணாடி அவர்கள் ஜன்னலுக்கு ஒரு சாண் தூரத்தில் பளிச்சென்று கடந்தது.

"பிரேக் இல்ல" என்றார் கண்ணாடிக்காரர். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னார். கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோல. பிறகுதான் முகம் வெளுத்தது. கை தானாகச் சாவிப் பக்கம் போனது.

"சாவியைத் தொடாதீங்க!" ஆமை கத்தினான். "இன்ஜின் நின்னா இருக்கிற பிரேக்கும் போயிடும், ஸ்டியரிங்கும் இறுகிடும். ரெண்டு கையும் ஸ்டியரிங்ல வைங்க. கையை எடுக்கவே எடுக்காதீங்க. காலால மட்டும் நான் சொல்றதைச் செய்யுங்க. அக்கா, கியரைப் பிடி."

"நானா?"

"எனக்கு எட்டாது. காலையிலேர்ந்து பக்கத்துலயே பார்த்துட்டு வந்தியே. பிடி. மாமா, கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. அமுக்கிட்டீங்களா? அக்கா, நேரா பின்னால இழு."

அவள் இழுத்தாள். கரகரவென்று பல் தேய்கிற சத்தம்; உள்ளே போகவில்லை.

"வேகம் அதிகமா இருக்கு. மாமா, கிளட்ச்சை அமுக்கினபடியே ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிங்க. இன்ஜின் உறுமட்டும். இப்ப, அக்கா, இழு!"

கம்பி தடுக்கென்று உட்கார்ந்தது.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க. மெதுவா. கால் நடுங்கினா பரவாயில்ல."

இன்ஜின் ஓலமிட்டது. வண்டியை யாரோ பின்னால் பிடித்து இழுத்ததுபோல மூவரும் முன்னால் சாய்ந்தார்கள். வேகம் குறைந்தது. போதுமான அளவு குறையவில்லை. அடுத்த வளைவு தெரிந்தது.

"பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க. பம்ப் அடிக்கிற மாதிரி. அடிங்க, அடிங்க... அப்படித்தான். திரும்புங்க. சுவரைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க."

திரும்பினார்கள். பின்தட்டில் அவிழ்ந்து கிடந்த கயிறு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சரிந்த சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை. கிளட்ச். மிதி. அக்கா, நேரா முன்னால தள்ளு!"

இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னாலேயே கை போய்விட்டது. மூன்றாவதில் விழுந்தது. இன்ஜின் இன்னும் பெரிதாகக் கத்தியது. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்த ஆமைக்கு இடப்பக்கம் சாம்பல் நிறப் புகை வாலாக நீள்வது தெரிந்தது. அவன் அதைச் சொல்லவில்லை.

"இரண்டாவதுக்குப் போகணும். அக்கா, உன் பக்கம் இழுத்து, அப்புறம் பின்னால. அவசரப்படாதே. மாமா, அமுக்குங்க. மிதிங்க. ம்!"

இரண்டாவதில் விழுந்தபோது அவள் தலை முன்கண்ணாடியில் இடித்தது. வண்டி மாட்டு வண்டி வேகத்துக்கு வந்தது. அடுத்த வளைவைத் தாண்டியதும் சாலை வேலைக்காகக் கொட்டி வைத்த ஜல்லிக் குவியல் ஒன்று பாறையோரம் கிடந்தது.

"அதுல ஏத்துங்க. பரவாயில்ல, பம்பர் போனா போகட்டும்."

ஜல்லி நொறுங்கி, வண்டி முன்பக்கம் தூக்கி, இரண்டு தடவை குலுங்கி நின்றது. இன்ஜின் தானே அணைந்தது.

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்து விட்டாள்.

முதலில் இறங்கியது அவள்தான். நேராக இடது பின்சக்கரத்துக்குப் போனாள். சக்கரத்தின் நடுவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வண்டியிலிருந்த தண்ணீர் கேனைத் தூக்கினாள்.

"ஊத்தாதே அக்கா! இரும்பு வெடிச்சிடும். தானா ஆறட்டும்."

ஆற நேரமானது. ஆமை முன்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தான். ஹாண்ட் பிரேக்கை முழுசாக இறக்கிவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தான். மற்ற மூன்று சக்கரங்களும் கை வைக்கிற அளவுக்கு வந்த பிறகும் அது ஒன்று மட்டும் அனல் அடித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கினான். துணியைச் சுற்றிக்கொண்டு டயரைப் பிடித்துச் சுழற்றினான். அசையவில்லை. காலை வண்டியில் உதைத்துக்கொண்டு இழுத்தான். அப்போதும் அசையவில்லை.

"மாமா, இங்க வாங்க."

கண்ணாடிக்காரர் வந்தார்.

"சுத்துங்க."

அவரும் முயன்றார். ஆமை அடியில் புகுந்தான். ஸ்பேனரால் எதையோ இரண்டு தட்டுத் தட்டினான். விண்ணென்று ஒரு சத்தம். "இப்பச் சுத்துங்க."

சக்கரம் உரசியபடி ஒரு சுற்றுச் சுற்றியது.

அவன் வெளியே வந்தான். முகமெல்லாம் கரி. "ஹாண்ட் பிரேக் கேபிள். மழைத் தண்ணி உள்ள போய்த் துருப் பிடிச்சிருக்கு. இழுத்தா இழுக்குது, விட்டா திரும்பி வரல. நாம விட்டுட்டோம்னு நினைச்சுட்டு ஓட்டியிருக்கோம், இந்தச் சக்கரம் பிரேக்கைப் பிடிச்சிட்டே ஓடியிருக்கு. டீசல் எல்லாம் இங்கதான் எரிஞ்சிருக்கு. அந்தச் சூடு தாங்காமத்தான் பிரேக் ஆயிலும் கொதிச்சு, பெடல் மெத்தையா அமுங்கியிருக்கு."

கண்ணாடிக்காரர் சக்கரத்தையே பார்த்தார். சரிவுத் தெரு, இரண்டு கையும் போட்டு இழுத்த இழுப்பு, பூட்டுப் போட்ட பிறகும் குறைந்துகொண்டே வந்த மைலேஜ் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அவருக்கு வந்து சேர்ந்தன. ஜல்லிக் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"தினம் ராத்திரி நான்தான்டா இழுத்தேன்" என்றார். "கடைசி வரைக்கும் இழுத்தேன்."

"நானும் பார்த்திருக்கணும்" என்றான் ஆமை. "முன்னெல்லாம் நிறுத்தின உடனே சக்கரத்துல கை வச்சுப் பார்ப்பேன். பார்த்திருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும். உங்க மேல இருந்த கோபத்துல விட்டுட்டேன்."

"சரி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்று எழுந்தார் கண்ணாடிக்காரர்.

"வீட்டுக்குப் போய் வேண்டாம்" என்றாள் மனைவி. நெற்றியில் இடித்த இடம் புடைத்திருந்தது. "காலையில நாலு பேர் பார்க்க ரோட்டுல வச்சுத்தானே சொன்னீங்க? ரோட்டுலயே முடிங்க."

ஒரு லாரி மேலே ஏறிப் போகிற வரைக்கும் அவர் காத்திருந்தார். அது போன பிறகும் காத்திருந்தார். கடைசியில், மச்சானின் முகத்தைப் பார்க்காமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்து, "உன்னைத் திருடன்னு நினைச்சேன். மாசக்கணக்கா நினைச்சேன். தப்பு" என்றார். "இன்னிக்கு உன் அக்காவையும் கொன்னிருப்பேன்."

"சரி மாமா" என்றான் ஆமை. கோபமும் இல்லை, குழைவும் இல்லை. வெறும் சரி. பிறகு கேபிளைக் கழற்றப் போய்விட்டான்.

பிரேக் ஆயில் ஆறி, பெடல் ஓரளவு திரும்பி வந்த பிறகு அவனே ஓட்டினான். அடிவாரம் வரைக்கும் இரண்டாவது கியர். நடக்கிறவன் முந்திப்போகிற வேகம். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. முள் மட்டும் அசையவே இல்லை. கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். முதல் பங்கில் அவரே இறங்கி, பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, டேங்க்கை ரொப்பச் சொன்னார்.

மறுநாள் மெக்கானிக் கேபிளையும் கருகிப்போன பிரேக் கட்டைகளையும் மாற்றினார். "இன்ஜினைத்தானே பார்க்கச் சொன்னீங்க, சக்கரத்தை யார் பார்க்கச் சொன்னா?" என்று அவர் தன் பங்குக்குத் தப்பித்துக்கொண்டார். வண்டி மறுபடி பதிமூன்று கொடுத்தது.

அந்த மாசமே ஆமை ஒரு பஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சாவியை அக்கா கையில் கொடுத்தான். "கோபமில்லக்கா. ஆனா இந்த வண்டியில உட்கார்ந்தா முள்ளைத்தான் பார்க்கத் தோணுது. ரோட்டைப் பார்க்க முடியல" என்றான். அவள் போகாதே என்று சொல்லவில்லை. புருஷன் சொல்லிப் பார்க்கச் சொன்னபோதும் மறுத்துவிட்டாள். "நீங்க போய்க் கூப்பிடுங்க. வந்தா வரட்டும்." அவர் போய்க் கூப்பிட்டார், இரண்டு தடவை. அவன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். லீவு நாளில் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டான். தட்டைப் பார்க்காமல் பேசிக்கொண்டே சாப்பிட்டான்.

இப்போது வண்டியைக் கண்ணாடிக்காரரே ஓட்டுகிறார். என்ன தலைகீழாக நின்றாலும் அவருக்குப் பதினொன்றுக்கு மேல் வருவதில்லை. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தாலும் கிட்டே போய்த்தான் காலை எடுப்பார், பச்சை விழுந்தால் குதிரையை உதைப்பதுபோல மிதிப்பார். "மீதி ரெண்டை யார் திருடுறாங்கன்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று மனைவி கேட்பாள். அவருக்கு முன்பானால் சுருக்கென்று கோபம் வந்திருக்கும். இப்போது காதைச் சொறிந்துகொள்வார்.

போன வாரம் வேறொரு மலைக்கு லோடு போக வேண்டியிருந்தது. ஏறிக் கண்ணாடிகளை இறக்கியாயிற்று. திரும்பும் முன் வண்டியைச் சுற்றி வந்து நாலு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரே சூடு. ஏறி உட்கார்ந்து, செல்போனை எடுத்து மச்சானைக் கூப்பிட்டார்.

"இறங்கப் போறேன். எந்த கியர்ல வரட்டும்?"

அந்தப் பக்கம் பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது. "சரிவு எப்படி மாமா இருக்கு?"

"ஏறும்போது மூணாவதுலயே திணறிச்சு."

"அப்ப ரெண்டாவதுல வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லப்பா."

"கீழ வந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்றான் அவன். பின்னால் யாரோ அவனை ஆமை என்று கூப்பிடுவது கேட்டது. அங்கேயும் அதே பெயர்தான் போலிருக்கிறது. கண்ணாடிக்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கிளட்ச்சை அமுக்கி, இரண்டாவது கியரைப் போட்டார்.